காசில்டாவுக்குப் படைத்த மேசை

மலைமேட்டு ஒருரோ நகரத்துப் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பச்சைக் கதவு போட்ட விடுதி ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை ஒரு காற்றில் கழன்று விழுந்து பல காலம் ஆகிவிட்டதால் எல்லாரும் அதைப் பச்சைக் கதவு என்றே சொல்வார்கள். பதினான்கு அறைகள், மாடிக்கு ஒரு குளியலறை, முற்றத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. குளிர் மாதங்களில் தொட்டி நீர் விடிகிற நேரம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். அதைக் குவளையால் தட்டி உடைத்துவிட்டுத்தான் காசில்டா கயிசாயா தன் நாளைத் தொடங்குவாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. புருஷன் செவேரோ ஹுவானூனி ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி அடைத்து, நாற்பது வயதிலேயே கர்த்தரிடம் போய்விட்டார். அதற்குப் பிறகு சுரங்கக்காரர்களின் துணிகளைத் துவைத்துத்தான் ஒற்றை மகள் சுல்மாவைப் படிக்க வைத்தாள். மகள் பதினெட்டு வயதில் கணக்குப் படிப்புக்கென்று கீழே சாந்தா குரூஸுக்குப் போனாள். வெயில் ஊர். போனவள் அங்கேயே வேலை பிடித்துக்கொண்டாள். மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசுவாள். எப்போதும் தெருவில் நின்றுதான் பேசுவாள். வண்டிச் சத்தம் கேட்கும். "சாப்பிட்டியாம்மா, குளிரா இருக்கா" என்பாள். ஐந்து நிமிஷத்தில், "சரிம்மா, ஆள் வருது" என்று வைத்துவிடுவாள்.

கை விரல்கள் சரியாக மடங்காமல் போய் நாள் முழுக்கத் துவைக்க முடியாத நிலை வந்தபோது காசில்டா ஹுவானூனியை விட்டு ஒருரோவுக்கு வந்து இந்த விடுதியில் சேர்ந்தாள். அது ஒன்றரை வருஷத்துக்கு முன். மகளிடம் மட்டும் ஊர் மாறியதைச் சொல்லவில்லை. பேருந்து நிலைய விடுதி என்றால் ஊரில் ஒரு மாதிரிதான் பேசுவார்கள். மகளுக்கு எதற்கு அந்தக் கவலை என்று, "ஒரு வீட்ல வேலை பாக்குறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அதைக்கூட அவள் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்லியிருந்தாள். பொய் என்றால் அவளுக்கு அவ்வளவு பயம்.

விடுதி வேலையில் அவள் கெட்டிக்காரி. வருகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று படியேறுகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். மேட்டு ஊர்க்காரர்கள் மூட்டையோடு ஒரே மூச்சில் ஏறுவார்கள். பள்ளத்தாக்குக்காரர்கள் பத்தாம் படியில் நிற்பார்கள். வெயில் ஊர்க்காரர்கள் ஆறாம் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சேசுவே என்பார்கள். இந்த உயரத்துக் காற்று அப்படி. உடனே அவள் கோகா இலைத் தேநீரோடு போய் நிற்பாள்.

"தாயி, எனக்கு நெஞ்சு நின்னே போச்சு" என்று ஒரு தடியான வியாபாரி அலறினால், "நின்னுருந்தா இவ்வளவு சத்தம் வராதுங்க. குடிங்க. இன்னிக்கு குளிக்காதீங்க, ராத்திரி வயித்தை நிரப்பாதீங்க, தலைமாட்டுக்கு ரெண்டு தலையணை வையுங்க. நாளைக்கு நீங்களே சிரிப்பீங்க" என்பாள். மறுநாள் அவர் சிரிப்பார்.

அந்த வருஷம் சகல புனிதர்கள் திருநாளன்று காலைப் பூசை பார்த்துவிட்டு அவள் திரும்பியபோது, முதலாளி அபுந்தியோ வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"நாலாம் நம்பர்ல சாந்தா குரூஸ் ஆளுங்க வந்து இறங்கியிருக்காங்க, காசில்டா. ஒரு மாமியாரம்மா, மகன், மருமக. அறைக்குள்ளயே ஆன்மா மேசை போட்டுக்கலாமான்னு கேக்குறாங்க. மெழுகுவத்தி போர்வையில படாமப் பாத்துக்கங்கன்னு விட்டுட்டேன். பாவம், யாரோ வீடு இல்லாத ஆன்மா போல."

"விடுதியிலயா வந்து மேசை போடுவாங்க?" என்றாள் காசில்டா. அவளுக்கு மனசு இளகிவிட்டது. மொட்டை மாடியில் தன் சின்ன அறையில் செவேரோவுக்கு அவளும் ஒரு மேசை போட்டு வைத்திருந்தாள். மேசை என்றால் ஒரு பழப்பெட்டிதான். அதன்மேல் கறுப்புத் துணி, ஒரு மெழுகுவர்த்தி, நாலு ரொட்டி. நவம்பர் முதல் தேதி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆன்மாக்கள் வருவார்கள், மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் புறப்படுவார்கள். அந்த ஒரு நாள் அவர்களுக்குப் பசியாற்றி அனுப்ப வேண்டும்.

அவள் தேநீர்ப் பானையோடு நாலாம் நம்பர் கதவைத் தட்டியபோது சுரங்கத்து மாதா கோயில் மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியிருந்தது.

கதவைத் திறந்தது மாமியாரம்மா. குள்ளமாய், உருண்டையாய், கோச்சபாம்பா பள்ளத்தாக்குக்காரிகள் போடுகிற வெள்ளைத் தொப்பியோடு இருந்தாள். பெயர் தெல்ஃபினா. மணிச்சத்தத்தைக் கேட்டு, வாசலில் நிற்கிறவளைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! மணி அடிக்கையில காலெடுத்து வைக்கிறீங்க. நல்ல காலடி. ஆன்மாதான் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கு. டேய் ஒஸ்மார், எந்திரிச்சு வழி விடுடா!"

ஒஸ்மார் என்ற மகன் கட்டில் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உயரக் கிறக்கம். இன்னொரு கட்டிலில் மருமகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

காசில்டா மேசையைப் பார்த்தாள். குறை சொல்ல முடியாத மேசை. இரண்டு பக்கமும் கரும்பு வளைத்துக் கட்டி, வெங்காயப் பூ வைத்து, ஆன்மா இறங்கி வர ரொட்டியில் ஏணி செய்து வைத்திருந்தார்கள். நடுவில் செத்தவர்களைக் குறிக்கிற இரண்டு பெரிய ரொட்டிக் குழந்தைகள், சுண்ணாம்பு முகம் ஒட்டியவை. நெஞ்சில் வெள்ளைச் சர்க்கரையால் பெயர் எழுதியிருந்தது. அவள் ஆரம்பப் பள்ளியோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதல் ரொட்டியில் செ, வே, ரோ. அட, அவர் பெயர்தான் என்று நினைத்தாள். உலகத்தில் எத்தனை செவேரோ. அடுத்ததில் கா, சில், டா.

அப்போதும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கண் அதற்கு முன்னால் வைத்திருந்த தட்டுக்குப் போனது. லாமா உப்புக்கண்டத்தைப் பொரித்து நார்நாராய்க் கிழித்து, அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் வைத்த தட்டு. அந்தத் தட்டில் எல்லாரும் அவித்த முட்டை வைப்பார்கள். அதில் முட்டை இல்லை. காசில்டாவுக்கு முட்டை ஆகாது. பக்கத்தில் ஒரு பச்சை நூல்கண்டும் கொக்கி ஊசியும் இருந்தன. பச்சை நூலில் மட்டும்தான் அவள் பின்னுவாள்.

அவள் ரொட்டியில் இருந்த எழுத்துகளை மறுபடி கூட்டிப் படித்தாள்.

போர்வைக்குள் படுத்திருந்த மருமகள் தேநீர் வாசனைக்கோ என்னவோ திரும்பினாள்.

சுல்மா.

தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஏழு வருஷம் கழித்துப் பார்த்த முகம். மகளின் கண்கள் கெஞ்சத் தொடங்கின. சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சுமே, அதே கண்கள்.

"என்னங்க, உங்களுக்கே மூச்சடைக்குதா? இந்த ஊர்க்காரிக்கே இப்படின்னா எங்க கதி என்ன ஆகுறது!" என்று தெல்ஃபினா பானையை வாங்கி வைத்தாள். "உக்காருங்க. ஒரு செபம் சொல்லிட்டுப் போங்க. வீட்டு ஆளுங்க செபத்தைவிட வெளி ஆள் செபம்தான் ஆன்மாவுக்கு நேராப் போகும். இது என் மருமகளோட அப்பா, அம்மா. என் சம்பந்திங்க. அவரு ரொம்பக் காலத்துக்கு முந்தியே போயிட்டாரு. அந்தம்மா போய் இது மூணாவது வருஷம். மூணோட ஆன்மாவை ஒரேயடியா அனுப்பி வைக்கிற வருஷம்."

"மூணு... வருஷமா?" என்றாள் காசில்டா.

"ஆமா. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாங்க. நான் ஒரு தடவை முகம்கூடப் பார்த்ததில்ல. ரெண்டு வருஷம் சாந்தா குரூஸ்ல என் வீட்ல மேசை போட்டேன். வரலைங்க! ஒரு ஈ வந்து உக்காரல, ஒரு மெழுகுவத்தி ஆடல. எப்படி வருவாங்க, பாவம், மேட்டுக்காட்டு ஆன்மா, வெயில் ஊருக்கு வழி தெரியுமா? அதான் இந்த வருஷம் அவங்க ஊருக்கே வந்துட்டோம். இவ வேண்டாம் வேண்டாம்னா. வயித்துப்பிள்ளைக்காரியாச்சே, மலையேறக் கூடாதேன்னு. நான்தான் விடல. பிள்ளை பிறக்கறதுக்குள்ள பாட்டி ஆன்மாவை நல்லபடியா அனுப்பலைன்னா, அது தொட்டிலைச் சுத்திக்கிட்டே இருக்கும்."

வயிற்றுப் பிள்ளைக்காரி. காசில்டா அப்போதுதான் போர்வையின் மேட்டைப் பார்த்தாள். மகளுக்குக் கல்யாணம் ஆனதே அவளுக்குத் தெரியாது.

காசில்டா மேசைக்கு முன்னால் அப்படியே மண்டியிட்டாள். செபம் சொல்லச் சொன்னதால் மண்டியிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். காசில்டா சிலுவை வரைந்தாள். அருள் நிறைந்த மரியாயே என்று தொடங்கினாள். அந்த செபம் உயிரோடு இருக்கிறவர்களுக்கும் பொருந்தும், செத்தவர்களுக்கும் பொருந்தும். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும். அதை மூன்று தடவை சொன்னாள். நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று முடிக்க வேண்டும். நாக்கு அந்த இடத்தில் நின்றுவிட்டது. தன்னையே புதைக்கச் சொல்லிக் கர்த்தரிடம் எப்படிக் கேட்பது? ஆமென் சொல்லிவிட்டு எழுந்தாள்.

"இளைப்பாற்றி சொல்லலையே?" என்றாள் தெல்ஃபினா.

அதற்குள் கீழேயிருந்து முதலாளி கத்தினார். "காசில்டா! அடியே காசில்டா! ஏழாம் நம்பர்ல சோப்பு கேக்குறாங்க!"

சுல்மா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்திருப்பாள். தெல்ஃபினா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையையும் தட்டினாள்.

"உங்க பேரும் காசில்டாவா! கேட்டியாடா ஒஸ்மார்? பேரும் அதே பேரு! என்ன வயசுங்க உங்களுக்கு?"

"அம்பத்திரண்டு."

"மருமகளே, உங்கம்மா இருந்திருந்தா என்ன வயசு?"

"அம்பத்திரண்டு" என்றது போர்வைக்குள் இருந்து ஒரு குரல்.

"ஆண்டவரே! இனிமே என்ன வேணும்? எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குங்க. அனுப்பி வைக்கிற அன்னிக்கு, வயசும் உடம்பும் ஒத்துப்போற ஒரு ஆளை ஆன்மாவோட நாற்காலியில உக்கார வச்சு, அந்தத் தட்டைச் சாப்பிட வைப்போம். அவங்க சாப்பிட்டா ஆன்மா சாப்பிட்ட மாதிரி. வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து மன்னிப்பு கேப்பாங்க. ஆன்மா விடை சொல்லிட்டுக் கிளம்பும். நாளைக்கு மத்தியானம் நீங்கதான் வரணும். மாட்டேன்னு சொல்லிராதீங்க. தேடிப் போனாலும் இப்படி ஒரு ஆள் கிடைக்காது."

தெல்ஃபினா பதிலுக்குக் காத்திராமல் அவள் தோள்சால்வையில் நாலு ரொட்டியை அள்ளிப் போட்டு அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் முற்றத்துத் தொட்டியில் காசில்டா படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தபோது சுல்மா மெல்ல வந்து பின்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அம்மா. நீ இங்க எப்படிம்மா? ஹுவானூனிலதான இருக்கேன்னு நினைச்சேன்."

"இங்கதான் வேலை பாக்குறேன்" என்றாள் காசில்டா. கை துணியை முறுக்குவதை நிறுத்தவில்லை. "நான் எப்படிச் செத்தேன்?"

"அம்மா..."

"இல்ல, சொல்லு. அந்தம்மா நாளைக்கு என்னைக் கேட்டா? எனக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல."

"தூக்கத்துல. நெஞ்சுவலி."

"வலிக்காமத்தானே?"

"வலிக்காமத்தாம்மா" என்று சொல்லி மகள் அழுதாள்.

அழுகையினூடே வந்த கதை இவ்வளவுதான். வேலை செய்த இடத்தில் தாய் தகப்பனைப் பற்றிக் கேட்டபோது, அம்மா ஒருரோவில் துணிக்கடை வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். அங்கே மேட்டு ஊர்ப் பழைய உடையான அடுக்குப் பாவாடை கட்டுகிறவளின் மகள் என்றால் கேலி செய்வார்கள். ஒஸ்மார் கட்டிக்கொள்ளக் கேட்டபோது தெல்ஃபினா, பெண்ணைப் பெற்றவளை நேரில் பார்த்து, மது ஊற்றி, ரொட்டி கொடுத்து முறைப்படி கேட்காமல் கல்யாணம் கிடையாது என்று நின்றுவிட்டாள். ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிவிட்டாள். துணிக்கடைக்கு எங்கே போவது? பயத்தில் ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. அம்மா செத்துட்டாங்க.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தாம்மா. நாலு மணிக்கு பஸ். அப்புறம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கதான். அனுப்பி வச்சாச்சுன்னா யாரு கேப்பா?"

"அத்தை கோயில் குளம்னு கிடக்குறவங்கம்மா. உயிரோட இருக்கறவங்களுக்கு மேசை போட வச்சேன்னு தெரிஞ்சா என்னை வீட்ல வைக்க மாட்டாங்க. இந்த நிலைமையில நான் எங்க போவேன்?"

காசில்டா மகளின் வயிற்றைப் பார்த்தாள். தொடக் கை நீண்டது. கை முழுக்க சோப்பு நுரை, பனித்தண்ணீர். மடக்கிக்கொண்டாள்.

"போன வருஷம் இதே நாள் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல" என்று மட்டும் சொன்னாள். "ஏன்னு இப்பதான் தெரியுது. வயிறு நிறைஞ்சிருந்திருக்கு."

மறுநாள் கல்லறைத் திருநாள். விடிந்ததும் சுரங்கத்து மாதாவிடம் போய் நின்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மகள் பிழைப்பாள். பேரப்பிள்ளை என்று ஒன்று பிறந்தால் அது இவளைப் பார்க்கவே பார்க்காது. உட்காராவிட்டால் மகள் தெருவில் நிற்பாள். மாதாவே, நீ எந்தப் பக்கம் என்று கேட்டாள். கூட்டம் அதிகம், தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு தெல்ஃபினாவே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அறையில் புது மெழுகுவர்த்தி எரிந்தது. உப்புக்கண்டத்தைச் சூடு பண்ணி வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் விடுதி நாற்காலி, அதன்மேல் கறுப்புத் துணி. காசில்டா தொப்பியைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்தாள். நான் இப்போது நான் இல்லை என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சாப்பிட்டாள். ருசி சரியாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. இறைச்சியை எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும், சோளத்தில் எப்போது உப்புப் போட வேண்டும் என்று ஒன்று விடாமல் மகள் நினைவில் வைத்திருந்தாள். அம்மாவை மட்டும் விட்டுவிட்டாள்.

முதலில் தெல்ஃபினா மண்டியிட்டாள். "சம்பந்தி, உங்க முகம் பார்க்கக் கொடுத்து வைக்கல. உங்க மகளை ஒரு குறையில்லாம வச்சிருக்கேன். சமையல்தான் சுமாரு, அதை நான் சொல்லித் தரேன். ஏதாவது தப்புச் செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க." அவள் நிஜமாகவே அழுதாள். அடுத்து ஒஸ்மார், தலைவலியோடு, "மன்னிச்சிருங்க அத்தை" என்று இரண்டு வார்த்தை சொல்லி எழுந்தான்.

சுல்மாவுக்கு வயிற்றோடு மண்டியிடச் சிரமமாக இருந்தது. புருஷன் தாங்கிப் பிடித்தான். அவள் தாயின் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அத்தை சொல்லிக்கொடுத்த வார்த்தை எதுவும் வரவில்லை. "அம்மா, மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா" என்று அதையே சொன்னாள்.

தெல்ஃபினா காசில்டாவின் காதோரம் குனிந்தாள். "இப்ப நீங்க சொல்லணும். 'திருப்தியாச் சாப்பிட்டேன், மன்னிச்சிட்டேன், போயிட்டு வரேன், இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.' இவ்வளவுதான்."

கோயில் மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது.

"திருப்தியாச் சாப்பிட்டேன்" என்றாள் காசில்டா. அது பொய் இல்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது அடி ஓய்ந்தது.

"நான் போகல" என்றாள்.

"என்ன சொல்றீங்க? போயிட்டு வரேன்னு சொல்லுங்க!" தெல்ஃபினாவின் முகம் வெளிறியது. "வேளை தப்புது! பிள்ளைத்தாய்ச்சி இருக்கா!"

"என்னால முடியலம்மா. செத்த ஆளுன்னா போகலாம். நான் எங்க போவேன்?"

தெல்ஃபினா பின்னால் நகர்ந்து கட்டிலில் மோதி நின்றாள். கையில் செபமாலை. நாற்காலியில் இருப்பது ஆன்மாதான், போக மாட்டேன் என்கிறது என்றே அவள் நினைத்துவிட்டாள். "சேசுவே! மரியாயே! ஒஸ்மார், தண்ணி எடுடா, மந்திரிச்ச தண்ணி!"

"அத்தை" என்றாள் சுல்மா, மண்டியிட்டபடியே. "தண்ணி வேண்டாம். இவங்க சாகல. இவங்கதான் எங்கம்மா. நான்தான் பொய் சொன்னேன்."

தெல்ஃபினா மெல்ல நடந்து வந்து, காசில்டாவின் மேல்கையைத் துணியோடு சேர்த்துப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ!" என்றாள் காசில்டா.

"அப்ப ரெண்டு வருஷமா நான் சோறு வச்சது யாருக்கு?" என்றாள் தெல்ஃபினா. "யாருக்குடி வச்சேன்? யாரு வந்து தின்னுட்டுப் போனது?"

ஒஸ்மாருக்கு வேறு கணக்கு. "சுல்மா, சாந்தா குரூஸ் வெயில்ல உங்கம்மா துக்கத்துக்குன்னு நான் ஒரு வருஷம் கறுப்புச் சட்டை போட்டேன். முதுகெல்லாம் வேர்க்குரு. நீ பவுடர் போட்டு விட்ட." ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

தெல்ஃபினாவுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. "உயிரோட இருக்கறவ பேருக்கு மெழுகுவத்தி எரியுதே! அணைடா, அணை!" தானே பாய்ந்து விரலால் திரியை நசுக்கினாள். கை சுட்டது, உதறினாள். காசில்டா என்று எழுதிய ரொட்டியைத் தூக்கினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு மருமகள் கையில் திணித்தாள்.

"நீதான எழுதின? சர்க்கரையைக் கரைச்சு, அழகா, குச்சி வச்சு எழுதின. நான் பக்கத்துல உக்காந்து நல்லாருக்குன்னு வேற சொன்னேன். தின்னு. அந்தப் பேரு மாவுல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. ஒரு எழுத்து மிச்சம் வைக்காத."

சுல்மா தின்றாள். காய்ந்த ரொட்டி. கண்ணீரும் சர்க்கரையும் தாடையில் வழிந்தன. கா போயிற்று. சில் போயிற்று. காசில்டா நாற்காலியை விட்டு எழவில்லை. தன் பெயரை மகள் மென்று விழுங்குவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மகளுக்கு விக்கியது. தெல்ஃபினாதான் முதுகில் தட்டினாள், கோபமாக, பலமாக, ஆனால் தட்டினாள்.

கடைசித் துண்டும் இறங்கிய பிறகு சுல்மா நிமிர்ந்தாள். "அம்மா, மன்னிச்சிரும்மா."

காசில்டா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"செத்தவகிட்ட கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பா. உயிரோட இருக்கறவளுக்குக் கொஞ்சம் நாளாகும்" என்றாள்.

தெல்ஃபினா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. வெகு நேரம் காசில்டாவின் பாவாடையையும், வெடித்த கைகளையும், நரைத்த இரட்டைப் பின்னலையும் பார்த்தாள். "மூட்டை கட்டினேனே அன்னிக்கு, மது, ரொட்டி எல்லாம் வச்சு" என்று முணுமுணுத்தாள். "பொண்ணு கேக்காமயே கட்டி வச்சிருக்கேன். மூணு வருஷமா. எனக்கு வெக்கமா இருக்கு சம்பந்தி." அவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். இவ்வளவு நாளும் ரொட்டியிடம் சொன்ன வார்த்தை அது.

காசில்டா தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். தலை கிறுகிறுத்தது, வெயில் ஊர்க்காரர்கள் சொல்வார்களே, அந்தக் கிறக்கம் இதுதானோ என்று தோன்றியது. "அஞ்சாம் நம்பர் படுக்கை போடணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஐந்தாம் நம்பரில் விரிப்பை உதறியபோது எதிர்ப்பக்கத்து நுனியை யாரோ பிடித்தார்கள். சுல்மா. வாயோரம் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. விரிப்பு இழுபட்டுச் சமமானது. கனத்த கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி. சுல்மா கால்மாட்டு ஓரத்தைச் செருகக் குனிந்தாள்.

"நீ குனியாத" என்றாள் காசில்டா, அவளைப் பார்க்காமலே.